தீவுக்கு முன்னால் இருந்த எழுத்து

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் இரண்டு ஹெட்போன் பெட்டிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "ரெண்டையும் ஆறுதலாக் கேட்டுப் பாரும். பிடிச்சதை வைச்சிரும். மற்றதை நான் திரும்பிப் போகேக்கை கொண்டுபோறன்" என்றார். இரண்டும் ஒரே தரத்தவை, காதை முழுதாக மூடும் பெரிய கறுப்பு வகை. ஒன்று பல வருடங்களாகச் சந்தையில் இருக்கும் பழைய மாதிரி. மற்றது அந்த வருடம்தான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தால் எது எதென்று சொல்ல முடியாது.

கரம்பொனில், எங்கள் வீட்டின் பின்னறையில் இருந்து ஒலி திருத்தும் வேலை செய்கிறேன். கல்யாண வீடியோக்களில் இருந்து ஜெனரேற்றர் இரைச்சலை எடுப்பேன். திருவிழாப் பதிவுகளில் தவிலுக்குள் புதைந்துபோன நாதஸ்வரத்தை மேலே கொண்டுவருவேன். என் பிழைப்பே காதுதான். ஆனால் அந்தக் காதுகளை நான் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. பத்து வயதில், சண்டைக் காலத்தில், எங்கள் வளவுக்குப் பக்கத்தில் ஒரு செல் விழுந்து வெடித்தது. அன்றிலிருந்து இடது காதில் ஒரு மெல்லிய கூவல் நிற்காமல் இருக்கிறது. செய்த வேலையை அனுப்பிவிட்டு, பிழை சொல்லிப் பதில் வருமோ என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டிருப்பேன்.

ஐந்து நாட்கள் இரண்டையும் மாறி மாறிப் போட்டுக் கேட்டேன். முதல் நாளே என் காதுக்குப் பிடித்தது பழையதுதான். அதில் மனிதக் குரல் நெஞ்சிலிருந்து வந்தது. புதியதில் ச, ஷ போன்ற எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன, ஆனால் பேசுகிற ஆள் எங்கோ போய்விட்டார். பிறகு இணையத்தில் மற்றவர்கள் எழுதியதை வாசித்தேன். நுணுக்கம் என்றால் புதியதுதான் என்றார்கள். பழையது போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல இருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டுக் கேட்டபோது எனக்கும் போர்வை கேட்டது. செல்லடி பட்ட காதுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பழையதைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு என் கைபேசியில் தம்பியின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது.

தம்பி கடற்றொழில் செய்கிறவன். முதல் நாள் பின்னேரம் ஊர்காவற்றுறையில் இருந்து தன் ஃபைபர் படகில் வலை விடப் போயிருந்தான். கூடப் போனவர் எங்கள் பின்வளவில் குடியிருக்கும் அண்ணை. இருபது வருடமாக இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கடலுக்குப் போவார்கள். விடியக் கரைக்கு வந்திருக்க வேண்டியவர்கள் வரவில்லை. வாடைக்காற்று உரத்து அடித்துக்கொண்டிருந்ததால், பொறுத்துத்தான் வருவார்கள் என்று இருந்தோம்.

பதிவு பதினொரு செக்கன். பாதிக்கு மேல் காற்று. "அண்ணை, எஞ்சின் நிண்டிட்டுது" என்பது விளங்கியது. பிறகு காற்று. பிறகு "…தீவு தெரியுது. நங்கூரம் போட்டிருக்கிறம். ஆக்களை அனுப்புங்கோ." அவ்வளவுதான். திரும்ப அழைத்தேன். தொடர்பு இல்லை. நாற்பது தரம் அழைத்திருப்பேன்.

எங்களைச் சுற்றியிருப்பதெல்லாம் தீவுதான். அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு. எந்தத் தீவு என்ற எழுத்தைத்தான் காற்று தின்றிருந்தது.

துறைமுகத்துக்கு ஓடினேன். சங்கத் தலைவர் கைபேசியைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "அனலைதீவு எண்டுதான் சொல்லுறான்" என்றார். பக்கத்தில் நின்றவர்களும் கேட்டார்கள். ஓம், அனலைதீவுதான் என்றார்கள். தம்பி வழக்கமாக வலை விடுவதும் அந்தப் பக்கம்தான். காற்று இழுத்திருந்தால் தெற்கே நெடுந்தீவுப் பக்கம் போயிருக்குமே என்று ஒருவர் கேட்டார். நங்கூரம் போட்டவன் எப்படி இழுபடுவான் என்று மற்றவர்கள் அவரை அடக்கிவிட்டார்கள். கடற்படைக்கும் அறிவித்தாயிற்று. அந்தக் காற்றில் இறங்கத் துணிந்தவை இரண்டு படகுகள்தான். எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம் அது, இருந்த எண்ணெய்க்கு ஒரு திசைக்குத்தான் போக முடியும்.

தலைவர் என்னைப் பார்த்தார். "தம்பி, உமக்குத்தானே உந்த வேலை பழக்கம். வீட்டை போய் வடிவாக் கேட்டுச் சொல்லும். நாங்கள் அதுக்குள்ளை படகை ஆயத்தப்படுத்துறம்."

பின்னறையில் கதவைச் சாத்திவிட்டுக் கணினியில் அந்தப் பதினொரு செக்கனைப் போட்டேன். காற்றை எடுக்கும் மென்பொருளைப் போட்டேன். அது காற்றோடு சேர்த்து அந்த எழுத்தையும் அள்ளிக்கொண்டு போனது. திரையில் அலைகளை விரித்துப் பார்த்தேன். காற்றின் அலைக்குள் தம்பியின் குரலைப் பிரிக்க முடியவில்லை. மிச்சம் இருந்தது காது மட்டும்.

பெட்டிக்குள் வைத்த பழையதை ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. பழகிய கை எடுத்திருக்கும். போட்டுக் கேட்டேன். 'தீவு' என்ற சொல்லுக்குச் சற்று முன்னால், காற்றுக்கு அடியில், மூக்கால் முனகுவதுபோல ஒரு சின்ன ஒலி இருந்தது. 'ந்'. நாக்கு பல்லில் ஒட்டி விலகுகிற ஒலி. நெடுந்தீவு.

உடனே புதியதை மாட்டினேன். அதில் 'ந்' இல்லை. அதே இடத்தில் 'லை' போல ஒரு சீறல் கேட்டது. அனலைதீவு. எவ்வளவு துலக்கமாகக் கேட்கிறது என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். துறைமுகத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது அதுதான். ஆயிரம் பேர் நல்லதென்று எழுதிய ஹெட்போனிலும் கேட்டது அதுதான். நெடுந்தீவு என்று கேட்டது எனக்கு மட்டும், அதுவும் போர்வைக்குள் இருந்து பேசும் பழையதில் மட்டும்.

கைபேசி அடித்தது. தலைவர். "என்ன தம்பி, எது?"

"அனலைதீவுதான்" என்றேன்.

படகுகள் போயின. தம்பியின் மனைவி எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தாள். கூடப் போன அண்ணையின் மனைவி, பின்வளவு அக்காவும் வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். இரண்டு பேரும் குடிக்கவில்லை. "அத்தான், அங்கைதானே? வடிவாக் கேட்டனீங்கள்தானே?" என்று தம்பியின் மனைவி ஒவ்வொரு மணித்தியாலமும் கேட்டாள். ஓம் என்றேன். பொழுது சாயும் நேரம் படகுகள் திரும்பின. அனலைதீவைச் சுற்றி, எழுவைதீவு வரைக்கும் தேடியிருந்தார்கள். கடற்படையும் அந்தப் பக்கம்தான் தேடியதாம். ஒரு மிதவைகூட இல்லை.

மறுநாள் விடிய மறுபடி கணினிக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். அழுதுகொண்டு கேட்டால் எதுவும் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலையில் நான் தினமும் செய்கிற ஒன்றை முதல் நாள் பதற்றத்தில் செய்ய மறந்திருந்தேன். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது முதலில் இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடுவது எப்போதும் துலக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். அளந்து பார்த்தேன். புதியது சத்தம் கூடியதாகத்தான் இருந்தது. சமப்படுத்தினேன். மேல்சுரங்கள் அதில் இயல்பாகவே தூக்கலாக இருப்பதால், காற்றின் சீறலும் தூக்கலாக வந்தது. நான் 'லை' என்று கேட்டது காற்றைத்தான். அனலைதீவு என்று துறைமுகத்தில் கேட்டுவிட்டு வந்ததால், காற்றைக்கூடக் காது அப்படி வாசித்திருந்தது.

பழையதை மாட்டி, கூவல் இருக்கும் இடது காதில் இருந்து அதைக் கையால் விலக்கிவிட்டு, வலது காதால் மட்டும் கேட்டேன். 'ந்'. பிறகு ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக் கேட்டேன். 'ந்'. அந்த முனகல் போகவேயில்லை. அது தம்பியின் மூக்கு. சின்ன வயதில் இருந்து சளி பிடித்தவன்போலப் பேசுகிறவன் அவன்.

தலைவரை அழைத்தேன். "நெடுந்தீவு எண்டு நினைக்கிறன்" என்றேன்.

"நேற்று நீர்தானே அனலைதீவு எண்டனீர்?"

"ஓம் அண்ணை. பிழையாச் சொல்லிப்போட்டன்."

"எண்ணெய் இல்லை தம்பி. தேடிப் பிடிச்சுத்தான் வெளிக்கிட வேணும்" என்றுவிட்டு வைத்தார்.

அப்போதுதான் நெடுந்தீவில் மாடு வளர்க்கும் ஒருவருடைய எண் என்னிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. அவருடைய மகளின் கல்யாண வீடியோவுக்கு நான் ஒலி திருத்திக் கொடுத்திருந்தேன். அழைத்து விசயத்தைச் சொன்னேன். "இஞ்சை ரெண்டு நாளா ஒருத்தரும் கடலுக்கு இறங்கேல்லை. மேற்குக் கரைப் பக்கம் ஆக்கள் போறதும் குறைவு. பொறும், நான் மோட்டர்சைக்கிளிலை போய்ப் பாக்கிறன்" என்றார்.

நாற்பது நிமிடம். கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அது அடித்தபோது எடுக்கப் பயமாக இருந்தது.

"ஒரு படகு தெரியுது. நல்ல தூரத்திலை நிக்குது. ஆள் ஒண்டு துணியை ஆட்டுது."

"ஒண்டோ, ரெண்டோ?"

"பொறும்…" காற்றுச் சத்தம். "ஒண்டுதான் தெரியுது."

அடுத்த அறையில் இரண்டு பெண்களும் இருந்தார்கள். படகு கண்டுபிடிபட்டுவிட்டது என்று மட்டும் சொன்னேன். தம்பியின் மனைவி அப்படியே நிலத்தில் குந்தி அழுதாள். அக்கா அவளைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் இருக்கினமாமோ?" என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

நெடுந்தீவுக்காரர் படகு இறக்கித் தம்பியைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் வைத்துத் துண்டு துண்டாகச் சொன்னான். எஞ்சின் நின்றது கடலுக்குப் போன அன்றே பொழுதுபடும் நேரம். ஆழம் கூடிய இடத்தில் நங்கூரம் பிடிக்கவில்லை. இரவு முழுக்கக் காற்று தெற்கே இழுத்துக்கொண்டு போனது. விடியும்போது நெடுந்தீவு தெரிந்தது. ஒன்பது மணிபோல நங்கூரம் பிடித்தது, கைபேசிக்கும் தொடர்பு கிடைத்தது. அப்போதுதான் எனக்குப் பேசி அனுப்பினான். கைபேசி நனைந்து அதோடு செத்துப்போனது. மத்தியானத்தோடு தண்ணீர் முடிந்துவிட்டது. ஆக்கள் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நாலு மணிபோல, "உன்ரை அண்ணைக்கு விளங்கேல்லைப் போல. நான் நீந்திப் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கூடப் போனவர் மிதப்புக்கு ஒரு வெறும் பிளாஸ்டிக் கானை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தார். நன்றாக நீந்தக்கூடியவர். கொஞ்ச நேரம் தலை தெரிந்தது. நீரோட்டம் வேறு பக்கம் கொண்டுபோனது.

மூன்றாம் நாள் நெடுந்தீவின் தெற்குக் கரையில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

நாலு மணிக்கு எங்கள் படகுகள் அனலைதீவைச் சுற்றிக்கொண்டிருந்தன. அதற்கு முன்பே, காலை பத்து மணிக்கே, அந்த மாட்டுக்காரருக்கு ஒரு அழைப்பு எடுத்திருந்தால் போதும். எண்ணெய்கூடத் தேவைப்பட்டிருக்காது. நான் காதில் விழுந்ததைச் சொல்லியிருந்தால் போதும். இரண்டு தீவின் பெயரையும் சொல்லி, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். இந்தக் கணக்கைப் பல நாட்கள் தினமும் போட்டேன். வேலையை விட்டேன். மச்சான் திரும்பிப் போகும்போது இரண்டு பெட்டிகளையும் அவருடைய பயணப் பையில் வைத்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஆக்கள் போன பிறகு, அக்காவின் குசினி வாசலில் நின்று சொன்னேன். "அக்கா, முதல் நாளே எனக்கு நெடுந்தீவு எண்டு கேட்டது."

சட்டி கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அப்ப ஏன் சொல்லேல்லை?"

"என்ரை காதை நான் நம்பேல்லை."

அவர் அழவில்லை, திட்டவுமில்லை. "எங்களுக்கும் அண்டைக்கு ஒருக்காப் போட்டுக் காட்டியிருக்கலாம். இருவது வருசமா என்ரை குசினியிலை இருந்து சாப்பிட்ட பிள்ளை. அவன் கதைக்கிறது எனக்கு விளங்கியிருக்கும்" என்றார். பிறகு மறுபடி கழுவத் தொடங்கினார்.

அது உண்மை. வாசலில் இரண்டு பெண்கள் ஒரு பகல் முழுக்க இருந்தார்கள். துறைமுகத்து ஆண்கள் அத்தனை பேரும் கேட்ட அந்தப் பதினொரு செக்கனை அவர்களிடம் கொடுத்துக் கேட்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

தம்பிக்கு நான் சொல்லப் பின்னும் மூன்று மாதம் சென்றது. அவன் இப்போது கடலுக்குப் போவதில்லை. துறைமுகத்தில் மற்றவர்களின் எஞ்சின்களைத் திருத்திக் கொடுக்கிறான். ஒரு நாள் அவன் வேலை செய்கிற இடத்துக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டபடி ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தான். முடிந்ததும் பழந்துணியில் கையைத் துடைத்தான்.

"அவர் எப்பிடியும் குதிச்சிருப்பார் அண்ணை. மத்தியானமே குதிக்கப் போறன் எண்டு நிண்டவர்" என்றான்.

அதை உண்மையாகச் சொன்னானா, எனக்காகச் சொன்னானா என்று அவன் குரலில் இருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பக் கேட்கவும் துணிவு வரவில்லை. அவன் அடுத்த எஞ்சினைக் கழற்றத் தொடங்கினான். நான் குந்தி அதை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.