ஒடுக்கித் தைத்த டீசேட்

முதலிலேயே பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறேன். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். இத்தனை வருடத்தில் நான் எழுதியதெல்லாம் அளவுக் கொப்பியில் தோள், மார்பு, கை நீளம் என்பவைதான். இதையும் அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத ஒருத்தி பொடியன்களின் முடியையும் உடுப்பையும் பற்றி எழுத வருவது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை என் கையால் நடந்த பிழையை எங்காவது எழுதிவைக்க வேண்டும் போல் இருக்கிறது.

நாங்கள் சிலாவத்துறையில் இருக்கிறோம். கணவர் கடலுக்குப் போகிறவர். நான் வீட்டில் அபாயா தைக்கிறேன். ஊராரின் உடுப்பு பெரிதாக இருந்தால் பிடித்தும் கொடுப்பேன். ஒடுக்கித் தைப்பதைத்தான் பிடிப்பது என்கிறோம். மகளுக்குப் பதினாறு வயது, அவளுக்கு வாய் அதிகம். மகனுக்கு இருபது. என் கூச்சம் அப்படியே அவனுக்கு வந்திருக்கிறது. என் முடியும்தான்.

என்னுடையது கட்டுக்கடங்காத சுருட்டை. பள்ளிக்கூடத்தில் காக்காக்கூடு என்று கூப்பிட்டார்கள். பிறகு முக்காடு போடத் தொடங்கினேன், யாருக்கும் தெரியவில்லை, நானும் மறந்துவிட்டேன். ஆனால் மகனுக்கு முக்காடு போட முடியாதே. அவனுக்கு மாதம் தவறாமல் ஒட்ட வெட்டுவித்தேன். மிச்சத்தில் தேங்காயெண்ணெய் தடவி, அது படியும்வரை அமத்தி அமத்திச் சீவித்தான் பள்ளிக்கூடம் அனுப்பினேன்.

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் அவன் முடியை வளரவிட்டான். பக்கங்களையும் பிடரியையும் ஒட்ட வெட்டிவிட்டு, மேலே மட்டும் சுருள்களை விட்டு நெற்றியில் விழவைத்தான். எண்ணெய்ப் போத்தலைத் தொடுவதில்லை. குளித்துவிட்டு வந்தால் துவாயை எடுக்கமாட்டான். ஒரு பழைய கறுப்பு டீசேட்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அரை மணித்தியாலம் உட்கார்ந்திருப்பான். துவாயால் துடைத்தால் சுருள் கலைந்துவிடுமாம். இப்போது இதுதான் நடப்பாம். நேரான முடி உள்ள பொடியன்கள் சலூனில் மருந்து போட்டுச் சுருட்டிக்கொள்கிறார்களாம். மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. கணவருக்கு அது பிடிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"தொழேக்க உனக்கு நெத்திக்கு முதல் மயிரெல்லோ நிலத்தில முட்டுது," என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

மகன் சிரித்துக்கொண்டே சுருளை மேலே ஒதுக்கினான். அது உடனே திரும்பவும் விழுந்தது.

கடலுக்குப் போனால் அவனுக்கு வாந்தி வரும். ஒரு வருடத்துக்கு மேலாக வீட்டில் இருந்து வலை கட்டினான். அப்போதுதான் மன்னார் ரவுனில் பொடியன்களின் உடுப்புக்கென்று புதிதாக ஒரு கடை திறந்தார்கள். ஆள் தேவை என்பதைப் போனில் பார்த்துவிட்டு அவனே எடுத்துக் கதைத்தான். கடையில் போய்ப் பாண் கேட்கவே இரண்டு தரம் யோசிக்கிறவன் அவன். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் வரச் சொன்னார்களாம். வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு வரவேண்டாம், உனக்குப் பிடித்தமாதிரி உடுத்துக்கொண்டு வா, அதைத்தான் பார்க்கவேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

வலை கட்டிக் கிடைத்ததில் ஒரு டீசேட்டும் ஒரு ஜீன்ஸும் வாங்கிவந்தான். டீசேட் கடல்மணல் நிறம். நல்ல கனமான பருத்தி. பொதியைப் பிரித்துக்கூடக் காட்டாமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை அவனும் தகப்பனும் ஜும்ஆத் தொழுகைக்குப் போன பிறகு, பொதி மடிப்புப் போகட்டும் என்று அந்த டீசேட்டைக் கதிரையில் விரித்தேன். அவன் போட்டால் தோள் தையல் முழங்கைக்குக் கிட்ட வந்து நிற்கும். உடம்பில் அவனைப்போல் இரண்டு பேர் போகலாம். பிழையான அளவைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்திருக்கும், அதனால்தான் காட்டவும் இல்லை என்று நினைத்தேன். நான் ஒருதரம் ஓர் அளவு சின்னச் செருப்பை வாங்கிவிட்டு, திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு வருடம் குதிக்கால் நோக நோகப் போட்டவள். அவனைக் கேட்டால் அவனுக்கு அவமானமாக இருக்கும். கேட்காமலே சரிசெய்து வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

நல்ல தையல்காரி என்று பெயர் எடுத்தவள்தானே. அவனுடைய பழைய சேட்டை அளவுக்கு வைத்துத் தோளை உள்ளே எடுத்தேன், பக்கங்களைப் பிடித்தேன், கையை ஒடுக்கினேன். மிச்சத் துணியைக் கத்தரிக்கோலால் நறுக்கியும் விட்டேன். ஜீன்ஸின் காலும் நிலத்தில் இழுபட்டது. அதற்கு ஊசி குத்தி அளவு மட்டும் வைத்திருந்தேன், அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் மகன் உள்ளே போனான். பிறகு டீசேட்டைப் போட்டுக்கொண்டு வந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. உடம்போடு கச்சிதமாக ஒட்டியிருந்தது. ஆனால் அந்த ஒல்லி உடம்புக்கு மேல் தலை மட்டும் பெரிதாக, வேறு யாருடையதோ போல் இருந்தது. மகள் கதவடியில் நின்று பார்த்தாள், தமையனை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, பள்ளிவாசல் மைக் மாதிரி நிக்கிறீங்க."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் செய்ததையும் ஏன் செய்தேன் என்பதையும் விழுங்கி விழுங்கிச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு டீசேட்டைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தான்.

"பரவாயில்லை உம்மா. நான் நாளைக்குப் போகேல்ல."

மற்றச் சேட்டுகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போகலாமே என்று கேட்டேன்.

"அதெல்லாம் நான் ஆருக்கும் தெரியாம இருக்கிறதுக்குப் போட்டது," என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டான்.

மகள் வந்து தன் போனில் படங்களைக் காட்டினாள். எல்லாம் சுருட்டை முடிப் பொடியன்கள். இந்த மாதிரிப் படங்கள் முன்பும் கண்ணில் பட்டிருக்கின்றன, நான் சரியாகப் பார்த்ததில்லை. அன்றைக்குத் தையல்காரியாகப் பார்த்தேன். தோள் வேண்டுமென்றேதான் கீழே இறங்கியிருந்தது. கை முழங்கைவரை அகலமாகத் தொங்கியது. காற்சட்டை சப்பாத்தின்மேல் மடிந்து கிடந்தது. மேலே முடி எவ்வளவு இடம் பிடித்ததோ அதற்கேற்றபடி கீழே உடுப்பும் இடம் பிடித்திருந்தது. மெலிந்த மணப்பெண்ணுக்குப் பெரிய முக்காடு வைத்தால் பாவாடைக்கும் சுருக்குக் கூட்டித்தான் தைப்பேன். அந்தக் கணக்குத்தான் இதுவும். இருபத்தைந்து வருடம் மெஷின் மிதித்தவளுக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்றிருந்தது.

நான் கடற்கரைக்குப் போனேன். வெயில் நேரம் அந்தப் பக்கம் போகும் பழக்கம் எனக்கில்லை. வலை காயவைத்த இடத்தில் நின்ற ஆட்கள் பார்த்தார்கள். அவன் கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் நிழலில் இருந்தான். காற்று அவன் முடியை ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிவிட்டது. அது நன்றாகத்தான் இருந்தது, இதற்கு முன் நான் அப்படி நினைத்ததில்லை.

"மகன், எனக்கு உன்ர உடுப்பு விளங்கேல்ல. கேட்டுட்டுச் செய்திருக்கோணும். எப்பிடி இருக்கோணும் எண்டு சொல்லு, இருட்ட முதல் தைச்சுத் தாறன்," என்றேன்.

அவன் கையாலேயே தன் தோளில் காட்டினான். தையல் இதுவரை இறங்கவேண்டும். நீளம் இவ்வளவு போதும். பக்கத்தில் காற்றுப் போகவேண்டும். இவ்வளவு விபரமாக அவன் என்னிடம் எதையும் சொன்னதில்லை. ஜீன்ஸ் காலை வெட்டினீங்களா என்று கேட்டான். இல்லை என்றதும் எழும்பினான்.

வீட்டுக்கு வந்து அளவு நாடாவை எடுத்தேன். அவனை நிற்கவைத்து அளந்து வருடக்கணக்காகிவிட்டது, தோளை எட்டுவதற்குக் குதிக்காலைத் தூக்க வேண்டியிருந்தது. நறுக்கிய துண்டுகள் குப்பைப் பையில் கிடந்தன. ஆனால் அவற்றைத் திரும்ப ஒட்டினால் தையலுக்குப் போக மிஞ்சுவது இரண்டு விரல் அகலம்தான். அபாயாத் துணியில் மிச்சம் நிறைய இருந்தது, அது இழுபடாது, டீசேட்டோடு சேராது. இழுபடும் பருத்தி வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொடியைப் பார்த்தோம். அவன் தலை துவட்டும் கறுப்பு டீசேட் அங்கே காய்ந்துகொண்டிருந்தது.

"பாதியை விடுங்கோ. எனக்குத் தலைக்கு வேணும்," என்றான்.

பாதியை மட்டும் வெட்டினேன். தோளுக்கும் கைக்கும் நடுவில் ஒரு கறுப்புத் துண்டு, அக்குளிலிருந்து கீழ்விளிம்பு வரை இன்னொன்று. இப்படியான துணி மெஷினில் இழுபட்டு நெளியும். அதனால் அடியில் பத்திரிகைத் தாளை வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுத்தேன். மகள் நூல் முனைகளை வெட்டினாள். அவன் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றான். அஸர் தொழுததைத் தவிர நான் எழும்பவில்லை. பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு நேரமாகுமுன் முடிந்துவிட்டது.

போட்டுக்கொண்டு வந்தான். ஜீன்ஸ் வெள்ளைச் சப்பாத்தின்மேல் இரண்டு மடிப்பாக விழுந்தது. கறுப்புத் துண்டுகள் ஒட்டுப் போட்டவை என்று தெரியத்தான் செய்தன, மறைக்க நான் பார்க்கவும் இல்லை. தலையும் உடம்பும் ஒரே ஆளுடையவையாகிவிட்டன. கணவர் தொழப் புறப்பட்டவர் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தக் காற்சட்டையின்ர ஒரு காலுக்குள்ள நானும் போகலாம் போல கிடக்கு," என்றார்.

பிறகு, காலையில் பஸ்ஸடிவரை மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன், காற்றில் முடி கலைந்தால் என்னைக் குறை சொல்லாதே என்றும் சொன்னார்.

மறுநாள் ஏழு மணிக்கு மகன் மன்னார் பஸ்ஸில் போனான். கடைக்காரர் டீசேட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். முடி சொந்தமா, சலூனில் சுருட்டியதா என்று மட்டும் கேட்டாராம். சொந்தம் என்றானாம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். நான் அன்று இரண்டு அபாயாவுக்கு விளிம்பு மடித்துத் தைத்தேன்.