பாலத்தின் மேல் பட்டுப் பாவு

கல்லூரி விடுதியில் யாரோ புடவைக்குக் கஞ்சி போடுகிறார்கள். அந்த வாசனையில் நான் மறுபடி பத்து வயதுப் பெண்ணாகி, வேகவதி ஆற்றின் கல்பாலத்தில் நிற்கிறேன்.

அன்று எங்கள் தெருவை அடைத்துத் திருவிழாப் பந்தல். அதனால் நெசவாளியான அப்பா, தறியில் ஏற்றும் நீள நூல்களான பட்டுப் பாவை, வழக்கம்போல் தெருவில் இல்லாமல் பாலத்தின் மேல் இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவியிருந்தார். அது காய்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

“இன்னாபா இது? சுருட்டு, சுருட்டு!” என்றார் டிரைவர்.

“ஈரத்துல சுருட்டினா இழையெல்லாம் ஒட்டிக்கும்பா. முகூர்த்தப் புடவை பாழாயிடும். இது நெசவுக்காரங்களுக்காக ராஜா கட்டின பாலம், தெரியுமா?”

“பஸ்ஸுக்காக சர்க்கார் கட்டினதுய்யா!”

அப்பா என்னைப் பார்த்தார். “பாலத்துச் சுவருல எழுத்து வெட்டின கல்லு இருக்குது. படிம்மா.”

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உரக்கப் படித்தேன்: “மாட்டு வண்டிகளும் நடப்போரும் ஆற்றைக் கடக்க, ஊரார் கொடையில் கட்டியது.”

“பஸ்ஸுன்னு போடல, பாத்தியா?” என்றார் அப்பா.

“பாவுன்னும் போடலையே!” என்ற டிரைவர், சிரித்துக்கொண்டே பயணிகள் பக்கம் திரும்பினார். “ஊரார் பாலமாம். எறங்கி வாங்கப்பா!”

எல்லோரும் இறங்கி, பாவைக் கலையாமல் தூக்கி, சுவரோரம் வரிசையாகப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் ஊர்ந்து கடந்தது. ஓர் இழைகூட அறுபடவில்லை.

“பொண்ணை நல்லா படிக்க வைப்பா!” என்று கத்தினார் டிரைவர்.

“அடுத்த பாலத்தை அதுதான் கட்டப்போவுது, நீ போ!”

போன வருஷம் பாலம் கட்டும் படிப்பில் சேர்ந்தபோது அப்பா சொன்னது ஒன்றுதான்: “கல்லுல பாவுன்னும் போட்டுடும்மா.”