கறிவேப்பிலைக்கு விட்ட பசளை

இன்று காலை ரயிலில் புவனா அக்கா பக்கத்தில் வந்து அமர்ந்தார். வெளிநாட்டில் நாங்கள் குடியிருக்கும் புரொண்பி என்ற ஊரில் எங்கள் மேல்மாடிக்காரர்.

"பிள்ளை, நீ தந்த பசளையை விட்ட பிறகு கறிவேப்பிலை யன்னல் முட்ட வளந்திட்டுது. வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்துக்கு முழுக்க என்ர இலைதான்!"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் ஆய்வுகூடத்தில், கழிப்பறைகளில் தனியாகச் சேகரித்த சிறுநீரைச் சுத்திகரித்துத்தான் அந்தப் பசளையைச் செய்கிறோம். கிருமியும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் கொடுத்தபோது நான் அதைச் சொல்லவில்லை.

"உது என்னத்தில செய்யிறது?" என்று இன்றுதான் கேட்டார்.

"சிறுநீர்தான் அக்கா. நல்லாச் சுத்திகரிச்சது."

ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"பசுவின்ர கோசலமோ! அதுதானே பாத்தன். அப்ப கோயில் துளசிக்கும் ஒரு போத்தல் கொண்டு வா."

"இல்லை அக்கா, அது வந்து..."

கதவு திறந்தது. கையசைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அப்போதிலிருந்து நாலு தரம் போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இந்த நாட்டில் இத்தனை மாடுகள் இருந்தும், எங்கள் தொட்டிக்கு ஒன்றுகூடப் பங்களிக்கவில்லை என்பதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?

அதைவிட முக்கியமான கேள்வி: இதை வாசிப்பவர்களில் யார் யார் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வருகிறீர்கள்?