மார்கரீட்டாவுக்கு வழி சொல்லும் எலோய்

எலோய் அர்ச்சுலேட்டாவுக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் ஊர் போஸோ செக்கோவில் இதை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. சர்க்கரை வியாதி, ரத்தக்கொதிப்பு என்பதுபோல, "பாவம், அவருக்குப் பொய் வராது" என்றுதான் சொல்வோம்.

ஒரு வருடம் கண்காட்சியில் ஜாம் போட்டிக்கு அவரை நடுவராக உட்காரவைத்தார்கள். எல்லா ஜாடிகளையும் நக்கிப் பார்த்துவிட்டு, முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் எதுவும் தேறவில்லை, மூன்றாம் பரிசை வேண்டுமானால் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று அறிவித்தார். ஜாம் கொண்டுவந்த பெண்கள் இன்றுவரை அவர் பங்கில் பெட்ரோல் போடுவதில்லை. கிழவர் ஃபெர்மினின் சாவு வீட்டில் விதவையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுஷன்தான். ஆனா சீட்டாட்டத்துல திருடுவாரு" என்றார். "அது எனக்குத் தெரியாதாக்கும்? இன்னைக்கா சொல்லணும்?" என்று அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

இப்படிப்பட்ட மனிதரைக் கட்டிக்கொண்டவள் என் பெரியம்மா மகள் ஒஃபேலியா. நெடுஞ்சாலை ஓரத்தில் முன்னால் இருப்பது அத்தானின் பெட்ரோல் பங்க். அதற்கு நேர் பின்னால் ஒஃபேலியா அக்காவின் சாப்பாட்டுக்கடை. அங்கே தட்டு தூக்குகிறவள் நான், சூலெமா. பன்றிக்கறியும் பச்சை மிளகாயும் போட்ட அக்காவின் குழம்பைச் சாப்பிட்டவர்கள் தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். பிரச்சினை, சாப்பிட ஆள் வருவதில்தான்.

ஆள் இல்லாமல் இல்லை. வெள்ளை மணல்மேடுகளைப் பார்க்கப் போகிற கூட்டம் முழுவதும் எங்கள் வழியாகத்தான் போகும். மூக்கு சிவந்து, நேற்று வாங்கிய தொப்பியைப் போட்டுக்கொண்டு, பங்கில் இறங்கி முதுகை நிமிர்த்துவார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். அடுத்த கேள்வியும் எனக்கு மனப்பாடம்.

"சார், இந்தப் பக்கம் நல்ல மார்கரீட்டா எங்க கிடைக்கும்? டூரிஸ்ட் போற இடம் வேண்டாம். உள்ளூர்க்காரங்க குடிக்கிற இடமா சொல்லுங்க."

உள்ளூர்க்காரர்களான நாங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பீர் குடிக்கிறோம். அங்கே இவர்களை யார் கூப்பிடப்போகிறார்கள்?

ஆனால் எலோய் அத்தான் அந்தக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளமாட்டார். டயரைக் கீழே போடுவார். கையைத் துடைப்பார். டாக்டர் விசாரிப்பதுபோல் விசாரிப்பார். "ஐஸ் கட்டியாவா, அரைச்சதா? உப்பு வேணுமா? இனிப்பு தூக்கலா இருந்தா பரவாயில்லையா?" எல்லாம் கேட்டுவிட்டுக் கிழக்கே கையை நீட்டுவார். "நேரா முப்பது மைல். மலை இறங்கினதும் நெஸ்டர் பார். எலுமிச்சையை அப்பவே பிழிவான். கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கலாம்."

அவர் முதுகுக்குப் பின்னால், "ஒஃபேலியாவின் சமையலறை – மார்கரீட்டா உண்டு" என்று பச்சை விளக்கில் போர்டு மினுக்கிக்கொண்டிருக்கும்.

"அங்கே எழுதியிருக்கே?" என்று யாராவது கேட்டால், "அதுவா? அது மார்கரீட்டா இல்ல" என்பார். கார் கிளம்பிப் போகும். ஜன்னல் வழியாக நாங்கள் இருவரும் தூசியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்த நேரத்தில் ஒரு டயரைத் தூக்கி அவர் கழுத்தில் மாட்டிவிடலாமா என்று எனக்குத் தோன்றும்.

அவர் சொன்னது உண்மைதான், அதுதான் எரிச்சல். மார்கரீட்டா என்றால் டெக்கீலா என்கிற சாராயத்தில் கலக்க வேண்டும், எங்களிடம் இருந்தது பீரும் ஒயினும் விற்கிற உரிமம் மட்டும். டெக்கீலா விற்கிற உரிமம் அந்தக் காலத்தில் யானை விலை. அதனால் இந்த மாநிலத்தில் எங்களைப் போன்ற சின்னக் கடைகள் செய்வதையே அக்காவும் செய்தாள். கற்றாழை ஒயினை ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, ஆரஞ்சுத் தோலைக் காய்ச்சிய பாகு விட்டு, கோப்பை விளிம்பில் மிளகாய்ப்பொடி கலந்த உப்பைத் தடவிக் கொடுத்தாள். குடித்தவர்கள் இன்னொன்று கேட்டார்கள். ஆனால் குடிக்க வந்தவர்கள் கொஞ்சம் பேர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் பெண்கள், வழி தவறிய லாரிக்காரர்கள், அப்புறம் தினமும் சாயங்காலம் பங்கைப் பூட்டிவிட்டு வரும் எலோய் அத்தான். அவர் மூலை மேஜையில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் ஒரு கோப்பையைக் குடித்துவிட்டுப் போவார். பொண்டாட்டி மனம் கோணக்கூடாது என்று குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

கடை வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடக்கத் தொடங்கிய சமயத்தில் சட்டம் மாறியது. எங்களைப் போன்ற கடைகளுக்கும் கட்டுப்படியாகிற விலையில் டெக்கீலா உரிமம் தருகிறார்கள் என்றார்கள். அக்கா யாரையும் கேட்கவில்லை. ஆற்றோரம் அவள் பங்குக்கு வந்திருந்த நிலத்தை விற்றாள்.

"இனிமே அவரு என்ன சொல்லுவாருன்னு பாக்கறேன் சூலெமா" என்றாள். "உண்மையான டெக்கீலா. உண்மையான மார்கரீட்டா. நெஸ்டர்கிட்ட போன்னு சொல்ல இனி அவருக்கு வாய் வராது. இதுலயும் ஆள் வரலைன்னா கடையை மூட வேண்டியதுதான்."

உரிமம் சுவரில் ஏறிய முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஊரே கடைக்கு வந்துவிட்டது. பாதிரியாரும் வந்தார், ஆசீர்வதிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார். அக்கா முதல் கோப்பையைக் கலக்கி எலோய் அத்தானுக்கு முன்னால் வைத்தாள். அவர் ஒரு மடக்கு குடித்தார். யோசித்தார். இன்னொரு மடக்கு குடித்தார். ஜாம் போட்டிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது மார்கரீட்டாதான்" என்றார்.

எல்லோரும் கை தட்டினோம். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஆனா நெஸ்டரோடது இதைவிட நல்லா இருக்கும். நீ முன்னாடி பண்ணுவியே, அந்த ஒயின், அது ரெண்டையும்விட நல்லா இருக்கும்."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. "எப்பலேர்ந்து இப்படி நினைக்கிறே?"

"முதல் நாள்லேர்ந்தே. இல்லாட்டி தினமும் குடிப்பேனா?"

"அப்புறம் ஏன்யா வர்றவங்களை எல்லாம் நெஸ்டர்கிட்ட அனுப்பின?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அவங்க கேட்டது மார்கரீட்டா. உன்னுது மார்கரீட்டா இல்லையே, ஒஃபேலியா."

"நான் நிலத்தை வித்துட்டேன், எலோய்."

"அவசரப்பட்டுட்டே" என்றார். அதுவும் உண்மை.

பாதிரியார் தொப்பியைத் தேடினார். அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். மேஜையில் ஏற்கெனவே ஒரு கூடை எலுமிச்சை நறுக்கி இருக்க, அவள் இன்னொரு கூடையை நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. "அந்த ஆளைக் கடைக்குள்ள விடாதக்கா" என்றேன்.

"என்ன ருசின்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல? இத்தனை வருஷம்!"

"யாரு கேட்டாங்கன்னு சொல்லுவாரு."

கத்தியைப் பிடித்த கை நின்றது. "யாரு கேட்டாங்க..." என்று தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

அந்த வாரக் கடைசியில் வெயில் சாய்கிற நேரம், பங்கில் ஒரு கார் வந்து நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் இறங்கினார்கள். சிவந்த மூக்கு, புதுத் தொப்பி. கழிப்பறைக்குப் போய் வந்தார்கள். அந்தப் பெண் அத்தானிடம் ஆரம்பித்தாள்.

"சார், நல்ல மார்கரீட்டா..."

அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு கிழக்கே தூக்கப் போனார். அதற்குள் ஒஃபேலியா அக்கா சமையல் ஏப்ரனோடு வாசலைத் தாண்டி வந்துவிட்டாள். நான் பின்னால் நின்றேன்.

"அம்மா, அவருகிட்ட அதைக் கேக்காதீங்க" என்றாள். "தினமும் வேலை முடிஞ்சதும் அவரு என்ன குடிப்பாருன்னு கேளுங்க."

அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உள்ளூர்க்காரர் குடிப்பது! இதைத் தேடித்தானே மூன்று மாநிலம் சுற்றுகிறாள். "என்ன குடிப்பீங்க சார்?"

எலோய் அத்தான் அக்காவைப் பார்த்தார். கிழக்கே சாலையைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. பொய் வராத மனிதர்.

"ஒஃபேலியா கலக்கற ஒயினைத்தான் குடிப்பேன்."

"நல்லா இருக்குமா?"

"அதைவிட நல்லா எதையும் நான் குடிச்சதில்ல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அவ கைக்கு அப்படி" என்றார்.

அக்காவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவர்கள் கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளில்கூட அவர் அவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று அவர்களை அழைத்துக்கொண்டு நடந்தாள்.

அவர்கள் படி ஏறியபோது அத்தான் பின்னாலேயே ஓடி வந்தார். அவர் மனசாட்சி அவரைச் சும்மா விடவில்லை.

"நில்லுங்க! அது மார்கரீட்டா இல்ல!" என்று கத்தினார். "கேக்குதா? அது மார்கரீட்டாவே இல்ல!"

அக்கா கதவைச் சாத்தினாள்.