லாலாகுடா வாசலில் நின்ற கார்

ஊரடங்கில் திருமுல்கேரியில் என் அறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், கார் ஓட்டுநரின் வெள்ளைச் சட்டையிலேயே வருவார். அதே நகரத்தின் லாலாகுடாப் பகுதியில் குடியிருந்த தமிழர். சவாரிகள் நின்றுபோனதால், வாடகைக் கார் ஓட்டிய அதே கம்பெனிக்கு மச்சானின் ஸ்கூட்டரில் சாப்பாடு சுமந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற கார்களை மட்டுமே போலீஸ் விட்டது.

அவருக்குத் தெம்பாக இருக்கட்டுமென்று, "சாப்பாட்டு ஆர்டரால கம்பெனிக்கு நஷ்டம் குறைஞ்சிடுச்சாம்ணே, பேப்பர்ல போட்டிருக்கான்" என்றேன்.

"ஹவ், ஆமா தம்பி, குறையாதா? அந்த நஷ்டம்தான் எங்க வீட்டு வாசல்ல காரா நிக்குதே! ரெண்டு சவாரி கிடைக்கலன்னா ஃபைனான்ஸ்காரன் அதையும் தூக்கிட்டுப் போயிடுவான்."

படியிறங்கியவர் திரும்பினார். எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார்: "பில்டிங்ல யாருக்காச்சும் காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா தம்பி?"

"இல்லண்ணே."

"நல்லது, நல்லது" என்றார். தோள்கள் தொய்ந்துவிட்டன.

இல்லை என்று சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு வருத்தமாக இருந்தது என்று இன்றும் புரியவில்லை.