மீன்பாடி வண்டியின் முன்தட்டு

அப்பா ஓட்டினார். அம்மா முன்தட்டில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். அவள் மடியில் நான். இன்னொரு மீன்பாடி வண்டியில் தாஸ் மாமாவும் அவர் மச்சான் மணியும்.

இன்று திருவொற்றியூர் சிக்னலில் மண்ணெண்ணெய் கலந்த புகை மூக்கில் ஏறியதும் அந்தக் கடலோர வளைவு நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே ரோடு இல்லை. கடல் தின்றுவிட்டது, கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்.

ஞாயிறு காலையில், பழைய புல்லட் இன்ஜின் மாட்டிய அந்த முச்சக்கர வண்டிகள் இரண்டும் தடதடவென்று காசிமேடு மீன்பிடித் துறைமுக கேட் வரை பந்தயம் ஓடும். முதலில் வருபவருக்கு அந்த வாரம் முழுக்க வரிசையில் முதல் இடம், அதாவது முதல் சவாரி. வளைவில் சக்கரம் தூக்காமல் இருக்கப் பாரம் வேண்டுமென்று வீட்டு ஆட்களையே ஏற்றிக்கொள்வார்கள்.

மணி ஒல்லி. அன்று தாஸ் மாமாவின் வண்டி வளைவில் சாய்ந்து மணலில் படுத்துவிட்டது. அடி எதுவும் இல்லை. அப்பா வண்டியை நிறுத்தி, "ஏறு" என்றார். இருவரும் முன்தட்டில் ஏறினார்கள்.

மீன்பாடி வண்டியில் ஓட்டுபவருக்கு இடம் பின்னால்தான். கேட் வந்ததும் தாஸ் மாமா அப்பாவைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"நைனா, உனுக்கு முன்னால வந்தது நானு. நான்தான் ஃபர்ஸ்ட்டு!"

"தோ பாருண்ணா, உனுக்கும் முன்னால என் காலு வந்துச்சு" என்றாள் அம்மா.

கேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதல் இடம் எங்களுக்கே.

தாஸ் மாமாவின் வண்டி இன்னும் மணலில் கிடந்தது. அன்றைய முதல் சவாரியை விட்டுவிட்டு அப்பா வண்டியைத் திருப்பினார். அதைத் தூக்கி நிறுத்தப் போனோம்.

வண்டியில் ஐந்து பேர்.