பனியன் பெட்டி லேபிளும் கடைசி நொடி ஏலமும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. மாலை நான்கு மணி இருக்கும். திருப்பூர் நெருப்பெரிச்சலில் நாங்கள் நடத்தும் சின்ன அயர்னிங், பேக்கிங் யூனிட்டில் நானும் என் கணவரும் மட்டும் இருந்தோம். ஆட்களுக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலையில் அனுப்ப வேண்டிய டி-ஷர்ட்டுகள் கொஞ்சம் மீதி இருந்ததால் அவர் அயர்ன் செய்துகொண்டிருந்தார். மடித்து பாலி கவரில் போட வேண்டியவள் நான். ஆனால் அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஒரு பழைய பனியன் பெட்டி லேபிளுக்காக.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் கைக்குழந்தையாக இருந்தபோது என் மாமனார் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தார். அந்த முதலாளி புதிதாகக் குழந்தைகள் பனியன் போட ஆரம்பித்தார். பெட்டியின் மேல் ஒட்டும் படத்துக்குக் கொழுகொழுவென்று ஒரு குழந்தை வேண்டும் என்று தேடியிருக்கிறார். மாமனார் உடனே தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார். இப்போது வழுக்கையும் தொப்பையுமாக நிற்கிற இந்த மனிதரா அந்தக் கொழுகொழு குழந்தை என்று நான் செய்யாத கிண்டல் இல்லை.

உட்கார வைத்தால் சாய்ந்துவிடுகிற வயது. அதனால் என் மாமியார் பின்னாலிருந்து குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாராம். லேபிள் அச்சடித்தபோது அவரைப் படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். இடுப்பைப் பிடித்திருந்த கையை மட்டும் வெட்ட முடியவில்லை. வளையல் போட்ட அந்த ஒற்றைக் கை மட்டும் லேபிளில் வந்துவிட்டது. இவருக்கு நினைவு தெரிவதற்கு முன்பே மாமியார் காய்ச்சலில் போய்விட்டார். வீட்டிலிருந்த ஒன்றிரண்டு போட்டோக்களையும் கரையான் தின்றுவிட்டது. கம்பெனியையும் எப்போதோ மூடிவிட்டார்கள். அம்மா என்று பார்ப்பதற்கு என் கணவருக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தக் கை ஒன்றுதான். சின்ன வயதில் பார்த்த அந்த லேபிளும் எங்கள் வீட்டில் இல்லை.

பழைய அட்டைக் கடை, மூடிய கம்பெனிகளின் குடோன் என்று நான் விசாரிக்காத இடமில்லை. கடைசியில் பட்டன், ஜிப் விற்கிற கடைக்காரர் ஒருவர்தான் அந்த வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றிச் சொன்னார். பழைய லேபிள்கள், தீப்பெட்டிப் படங்கள் சேர்ப்பவர்கள் அதில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏலம் நடக்கும். மாலை ஐந்து மணிக்குள் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்குப் பொருள். நானும் சேர்ந்தேன். மாதக்கணக்கில் ரயில் படத்தையும் மயில் படத்தையும் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஏலத்துக்கு வந்தார், பொக்கை வாய்ச் சிரிப்போடு. இடுப்பில் அந்தக் கை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "கெடச்சா வாங்கு அம்மிணி, இல்லாட்டி உடு" என்று சொல்லிவிட்டு மறுபடி அயர்ன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டார். எதையாவது ரொம்ப ஆசைப்பட்டால் அவர் இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பல வருடங்களாக எங்கள் தெருவில் ஏலச்சீட்டு நடத்துகிறவள். ஏலம் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருப்போம். யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவோ பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸோ இருந்தால், "இந்தத் தடவ எனக்கு உட்டுருங்" என்று வாய்விட்டுக் கேட்பார்கள். மற்றவர்கள் அதோடு கேட்பதை நிறுத்திக்கொள்வார்கள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை.

அதே நினைப்பில் நான் குரூப்பிலும் எழுதிவிட்டேன். "ஏனுங்க, எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்தப் படத்துல இருக்கற கொழந்தை என்ற ஊட்டுக்காரருங்க. அந்தக் கை அவிங்க அம்மாவுதுங்க. அம்மா இல்லீங்க, வேற போட்டோவும் இல்லீங்க. தயவு பண்ணி இத எனக்கு உட்டுக் குடுத்துருங்க சாமி." கூடவே எங்களால் முடிந்த ஒரு தொகையையும் போட்டேன்.

நாலைந்து பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் அழுகிற பொம்மை போட்டார். அதன்பிறகு ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. குரூப்பே அமைதியாகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா மாமா, சனம் எங்க இருந்தாலும் சனந்தானுங்க" என்று அவரிடம் பீற்றிக்கொண்டேன்.

ஐந்து மணி நெருங்கியது. அந்த நேரம் பார்த்து ஏதோ தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. லோன் வேண்டுமா என்று கேட்கிற கூட்டமாக இருக்கும் என்று கட் செய்தேன். உடனே மறுபடி அடித்தது. திரையையே மறைத்துத் தொலைக்கிறதே என்று திட்டிக்கொண்டே மறுபடி கட் செய்தேன்.

கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு மெசேஜ். நான் கேட்டதைப் போல இரண்டு மடங்கு கேட்டிருந்தார் ஒருவர். அவர் பழைய சாமான் வியாபாரி, வாங்கியதை வேறு இடத்தில் பல மடங்கு விலைக்கு விற்பவர் என்று பிறகு தெரிந்தது. நான் அதற்கு மேல் ஒரு தொகையை அடிப்பதற்குள் அடுத்த மெசேஜ் வந்து விழுந்தது. வேறொரு நம்பர், இன்னும் கொஞ்சம் அதிகமாக. அதோடு, "அஞ்சு மணி ஆச்சுங்க, ஏலம் முடிஞ்சுது" என்று குரூப்பை நடத்துபவர் போட்டுவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வாய்ஸ் மெசேஜில் பொரிந்து தள்ளிவிட்டேன். "வேணுமுன்னா மொதல்லயே கேட்டிருக்கோணும். கடைசி வரைக்கும் பதுங்கி இருந்துட்டுக் கொத்தீட்டுப் போறது என்ன நாயமுங்க? மூஞ்சி தெரியலீன்னா என்ன வேணாலும் பண்ணலாமுங்களா?" குரூப்பை நடத்துபவர் பொறுமையாகப் பதில் சொன்னார். நேரத்துக்குள் கேட்டால் சரிதான், அதுதான் விதி, யாரையும் குறை சொல்ல முடியாதுங்க என்றார். விதி சரியாகவே இருக்கட்டும், மனுசத்தனம் வேண்டாமா என்று நான் பதிலுக்குக் கத்தினேன்.

என் கணவர் மடித்து வைத்த டி-ஷர்ட்டையே எடுத்துப் பிரித்து மறுபடி அயர்ன் செய்துகொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. அந்த இரண்டு பேரையும், முக்கியமாகக் கடைசியில் கேட்டவரை, வாயில் வந்தபடி சபித்தேன்.

அப்போது மறுபடி போன். அதே தெரியாத நம்பர். உற்றுப் பார்த்தால், குரூப்பில் கடைசியாகக் கேட்டு ஜெயித்த நம்பரும் அதுதான். சண்டைக்குத் தயாராகவே எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "அக்கா, ரெண்டு தடவ கூப்புட்டனுங்க, கட் பண்ணீட்டீங்க. அது உங்களுக்குத்தானுங்க எடுத்தேன்" என்றது ஓர் ஆண் குரல்.

அவர் அவிநாசிபாளையத்துக்காரர். மினி டெம்போவில் கம்பெனிகளுக்குத் தைக்க வெட்டிய துணிக் கட்டுகளை ஏற்றி இறக்குபவர். அந்த வியாபாரியின் பழக்கம் அவருக்கு அத்துப்படி. நான் அப்படி உருகி எழுதியதுமே, வியாபாரி இதை விடமாட்டார், எடுத்து என்னிடமே பெரிய விலைக்குத் தள்ளப் பார்ப்பார் என்று புரிந்திருக்கிறது. குரூப்பில் எச்சரித்தால் அந்த வியாபாரியும் படிப்பார். அதனால்தான் போன் செய்திருக்கிறார். நான் கட் செய்ததும் வேறு வழியில்லாமல், வியாபாரி கேட்கும்வரை காத்திருந்து, அவர் மறுபடி ஏற்ற நேரமில்லாதபடி கடைசி நொடியில் கேட்டுவிட்டார்.

"நீங்க கேக்கற வெலைய நான் குடுக்கோணுமல்லங்க, அது எவ்வளவுன்னும் சொல்லீருங்க" என்றேன். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "நான் ஏலத்துல கேட்டதுதானுங்க்கா. உங்களுக்குக் கட்டுமுங்களான்னு தெரியாமத்தான் கேட்டுட்டேன். வெலை ரொம்ப எச்சா இருந்தா சொல்லுங்க, மெல்லத் தரலாம்" என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன் நான் விட்ட சாபமெல்லாம் நினைவுக்கு வந்து கூசிப்போனேன். வாய்ஸ் மெசேஜையும் அவர் கேட்டுவிட்டுத்தான் போன் செய்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் கொரியரில் அவருக்கு வந்த லேபிளை, லோடு எடுக்க வந்த வழியில் எங்கள் யூனிட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். கசங்காமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து பாலி கவரில் போட்டிருந்தார். கவரிலிருந்து எடுத்து அவரே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் என் கணவரிடம் நீட்டினார். ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அயர்ன் டேபிளில் இருந்த பையன்களும் பேக்கிங் பெண்களும் கூடிவிட்டார்கள். லேபிளையும் தங்கள் முதலாளியின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, காது மட்டும் அப்படியே இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்கள். பீகாரிலிருந்து வந்த பெண் ஒருத்தி சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டாள். என் கணவர் அவர்கள் யாரையும் கவனிக்கவில்லை. குழந்தையையும் பார்க்கவில்லை. அந்தக் கையின் மேல் தன் கட்டைவிரலை மெதுவாக வைத்தார். "நல்லா இறுக்கிப் புடிச்சிருக்குது பாரு அம்மிணி" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். டெம்போக்காரர் டீயை அவசரமாகக் குடித்துவிட்டு, லோடு நிற்கிறதுங்க என்று கிளம்பிவிட்டார்.

அன்று மாலை, நடந்ததை எல்லாம் குரூப்பில் எழுதி, எல்லாருக்கும் தெரிய டெம்போக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். உடனே குரூப்பை நடத்துபவர் எனக்குப் போன் செய்தார். "அக்கா, இது உங்களுக்குத் தெரியுமுங்களா? அவரு கொழந்தைங்க பனியன் லேபிள் மட்டுந்தான் சேக்கறாருங்க. இந்தப் பக்கம் வந்த அத்தனையும் வெச்சிருக்கறாரு. இது ஒண்ணுதான் அவருகிட்ட இல்லீங்க. வந்தாச் சொல்லச் சொல்லி எங்கிட்டச் சொல்லி வெச்சிருந்தாரு" என்றார்.

போனை வைத்ததும் கணவரிடம் சொன்னேன். அவரும் யோசித்துவிட்டு, நல்லதாக ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு லேபிளை டெம்போக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். மனசே இல்லாமல்தான் கேட்டார், ஆனாலும் கேட்டார். நான் அவிநாசிபாளையத்துக்குப் போன் போட்டேன். அந்தத் தம்பி சிரித்தார். "அக்கா, எனக்கு அது அட்டைங்க. அண்ணனுக்கு அது அம்மாங்க. அதெல்லாம் பேசாதீங்க" என்று வைத்துவிட்டார்.

கடைசி நொடிவரை பதுங்கியிருந்து ஏலம் கேட்பது நியாயமா என்று இன்றைக்குக் கேட்டாலும், இல்லை என்றுதான் சொல்வேன். அந்தத் தம்பியிடமே சொல்லியிருக்கிறேன், அவரும் ஆமாங்க என்றுதான் சொன்னார். ஆனால் வேறொன்றும் இப்போது என் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் எனக்கு வேண்டியதை ஊருக்கே கேட்கும்படி சொன்னேன், எனக்கு விட்டுக் கொடுத்தார்கள். வேண்டும் என்று வாய் திறந்து சொல்லாத அந்தத் தம்பிக்கு யார் விட்டுக் கொடுப்பார்கள்? அதனால் நான் இன்னும் அந்தக் குரூப்பை விட்டு வெளியே வரவில்லை. அதே லேபிள் இன்னொன்று எங்காவது ஒரு குடோனில் கிடக்கத்தான் செய்யும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்கு வந்தால், இந்த முறை வாயே திறக்காமல் ஐந்து மணிவரை பொறுத்திருந்து, கடைசி நொடியில் அந்தத் தம்பிக்காக நான் கேட்க வேண்டும்.